மறு: பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட்டுக்குத் தமிழ்: எறிதிறனா, வேகக்காப்பா?

> .308 வின்செஸ்டர், 6.5 கிரீட்மோர் என்னும் இரு துப்பாக்கித் தோட்டா வகைகளை ஒப்பிடும் கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். கார்ட்ரிஜ், புல்லட் இரண்டுக்குமே 'தோட்டா' என்று போட்டுவிடலாமா சேர்? காற்றின் இழுவையை மீறி வேகத்தை எவ்வளவு காக்கிறது என்று காட்டும் பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட், சுருக்கமாகப் பி.சி., என்று வருவதற்கு 'எறிதிறன் எண்' சரிவருமா?

தம்பி,

முதற் கேள்விக்கு விடை சுலபம்: போட முடியாது. தமிழ்நாட்டில் தோட்டா என்பது முழுப் பொருளுக்கும் ஓடுகிறது, பறந்துபோகும் முனைக்கும் ஓடுகிறது. செய்திக்கு அது போதும். ஆனால் உங்கள் கட்டுரையே அந்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தில்தான் நிற்கிறது. 1997இல் வந்த .260 ரெமிங்டனும் 2007இல் வந்த 6.5 கிரீட்மோரும் சுடுவது ஒரே 0.264 அங்குலச் சன்னத்தை (பறக்கும் முனையை). மாறுவது கோது (மருந்து அடைத்த உறை). முன்னதன் கோது 2.035 அங்குலம், பின்னதன் கோது 1.920. கோது குட்டையானபடியால், நீண்டு மெலிந்த சன்னத்தை வெடிமருந்துக்குள் அமுக்காமல் வெளியே நீட்டிவைக்க இடம் கிடைக்கிறது, துவக்கின் ஏறக்குறைய அதே அளவு மகஸீனுக்குள்ளேயே. இந்தப் பந்தியில் சன்னம், கோது இரண்டையும் எடுத்துவிட்டு எல்லா இடத்திலும் தோட்டா என்று போட்டு வாசித்துப் பாருங்கள், தலை சுற்றும்.

இலங்கையில் எங்களிடம் சொல் கைவசம் இருக்கிறது. முழுவதும் ரவை, பறப்பது சன்னம், சுட்டபின் மிஞ்சுவது கோது, உள்ளே மருந்து. மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரைக் 'கேப்' என்றே விடலாம். போர்க்காலச் செய்திகளில் 'வெற்றுக்கோதுகள் மீட்பு' என்று வாசித்து வாசித்து வந்த சொற்கள் இவை, அந்த வாடை விளையாட்டுக் கட்டுரைக்கு வேண்டாம் என்று ஓர் அன்பர் எழுதியிருந்தார். தயக்கம் விளங்குகிறது. அதற்காக 'வெடியுறை', 'எறிமுனை' என்று புதிதாகச் செய்தால், வாடையும் போகும், பொருளும் போகும். ரவை என்றதும் உப்புமா ஞாபகம் வரும் தமிழக வாசகர்களுக்கு முதல் இடத்தில் ஒரு சிறு விளக்கம் போதும்.

இனி எறிதிறன். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன், காரணம் உங்கள் அட்டவணையிலேயே இருக்கிறது. 168 கிரெய்ன் (இறாத்தலில் 7000இல் ஒரு பங்கு ஒரு கிரெய்ன்) சன்னம் பூட்டிய .308, 140 கிரெய்ன் பூட்டிய கிரீட்மோர், இரண்டும் குழல்வாயை விட்டு வெளியேறுவது ஏறக்குறைய ஒரே வேகத்தில், செக்கனுக்கு 820 மீற்றர் அளவில். .308இன் சன்னம் பாரமானது, ஆகவே குழல்வாயில் அதன் சக்தி சுமார் 3,700 யூல். கிரீட்மோருக்குச் சுமார் 3,100. ஆனால் பி.சி. யில் தோற்பது .308 தான். பேர்பெற்ற ஒரு 168 கிரெய்ன் போட்டிச் சன்னத்துக்கு அது 0.46 அளவில், 140 கிரெய்ன் நீள்சன்னங்களுக்கு 0.64 அளவில். 'எறிதிறன் குறைந்த .308' என்று எழுதினால் வாசகர் என்ன நினைப்பார்? துவக்குக்குப் பலம் போதாது என்றுதானே? நடப்பது வேறு. காற்று இரண்டையும் இழுக்கிறது. ஒன்று வேகத்தைச் சீக்கிரம் பறிகொடுக்கிறது, மற்றது பிடித்து வைத்திருக்கிறது. 1000 யார் (கெஜம்) தூரத்தைத் தாண்டும்போது கிரீட்மோர் இன்னும் ஒலியின் வேகத்துக்கு நன்றாக மேலே இருக்கும், அந்த 168 கிரெய்ன் சன்னமோ ஒலி வேகத்தை ஒட்டி வந்து தடுமாறத் தொடங்கிவிடும்.

அதனால்தான் நான் முன்வைப்பது வேகக்காப்புக் குணகம்.

> வேகம் என்றால் உங்களுக்கு வெலாசிட்டி, எங்களுக்கு ஸ்பீட். இரு நாட்டுக்கும் பொதுவாகுமா?

சென்னை நண்பர் கேட்டது நியாயம். இங்கே பாடசாலையில் ஸ்பீட் 'கதி', அங்கே வெலாசிட்டி 'திசைவேகம்'. இந்தச் சொல்லில் திசைக்கு வேலையே இல்லை, எப்படி வாசித்தாலும் பொருள் கெடாது. 'கதிகாப்பு' என்று போயிருந்தால்தான் வம்பு, கதிகெட்டவன் ஞாபகம் வந்திருக்கும். எங்கள் பாடப்புத்தகத் தமிழில் சுத்தமாகச் சொல்வதென்றால் 'அமர்முடுகல் எதிர்ப்புக் குணகம்'. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, அட்டவணைத் தலைப்பில் அடங்காது.

கணக்கையும் பார்த்துவிடுங்கள், சொல் அதைத் தாங்குகிறதா என்று. 140 கிரெய்ன் என்பது 0.02 இறாத்தல். அதை விட்டத்தின் வர்க்கத்தால், அதாவது 0.264இன் வர்க்கத்தால் பிரித்தால் 0.287. இது குறுக்குவெட்டு அடர்த்தி. 168 கிரெய்ன் .308க்கு 0.253. இதை வடிவக் காரணியால் பிரித்தால் பி.சி. சன்னம் கூர்மையாகி வால் ஒடுங்க ஒடுங்க அந்தக் காரணி சிறுக்கிறது, குணகம் ஏறுகிறது. அலகு உள்ள எண்ணைக் குணகம் என்பதா என்று கணித ஆசிரியர் எவரும் கேட்கலாம். பாகுமைக் குணகத்துக்கும் அலகு உண்டு, விட்டுவிடுவோம். விடக்கூடாதது ஒன்று: நான் சொன்ன எண்கள் ஜி1 நியமத்துக்கு, அதாவது ஒப்பிட எடுக்கும் மாதிரிச் சன்ன வடிவங்களில் ஒன்றுக்கு. ஜி7இல் அதே சன்னத்தின் எண் ஏறக்குறைய பாதியாகிவிடும். எந்த நியமம் என்று நிரலின் தலையில் எழுதாவிட்டால் அட்டவணை குப்பை.

ரவையைத் தாமே கையால் நிரப்பும் ஹேண்ட்லோடிங்குக்கு 'மீள்நிரப்பல்' வேண்டாம், மகஸீன் மாற்றுவது என்று விளங்கிவிடும். 'கைநிரப்பு' போதும். அதை ஏன் செய்கிறார்கள் என்ற பகுதியில் வரும் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் எங்களுக்கு நியம விலகல், அங்கே திட்ட விலக்கம். இரண்டையும் ஒருமுறை சேர்த்துப் போடுங்கள். இது இந்த நாட்டில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொடக்கூடாத வேலை என்றும் ஒரு வரி.

வெள்ளவத்தையிலிருந்து

---

சேர்,

சன்னம், கோது, கைநிரப்பு எடுத்துக்கொண்டேன். வேகக்காப்புக் குணகம் பற்றி ஓர் ஐயம்: பக்கக்காற்றில் சன்னம் எவ்வளவு விலகும் என்பதையும் கட்டுரை இதே எண்ணை வைத்துத்தான் பேசுகிறது. அங்கே 'வேகம் காப்பது' பொருந்துமா?

---

பொருந்தும் தம்பி. பக்கக்காற்று விலகலைத் தீர்மானிப்பது வெறும் பறப்பு நேரம் அல்ல, வெற்றிடத்தில் எடுத்திருக்கும் நேரத்தைவிட எவ்வளவு பிந்தியது என்பது. வேகம் போனதால் வந்த பிந்தல் அது. காற்றுக்கென்று தனிச்சொல் தேடாதீர்கள். கோது கழுத்தை நோக்கி ஒடுங்கும் சாய்வான ஷோல்டருக்கு மட்டும் 'தோள்' என்று எழுதலாமா என்று நானே இன்னும் யோசிக்கிறேன். கிரீட்மோருக்கு 30 பாகை, .308க்கு 20 பாகை என்று எழுதும்போது தோள் சாய்ந்த கோது என்பது எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. மற்றவர்கள் சொல்லட்டும்.