அவசரம்: வினிகரில் போட்ட மெஷின் பார்ட்ஸ் மறுபடி துருப்பிடிக்குது

ஊசிநூல்: பழைய தையல் மெஷின் பார்ட்ஸை வினிகர்ல ஊறப்போட்டேன். துரு போச்சு, ஆனா கையில மை மாதிரி கறுப்பா ஒட்டுது. கழுவி வச்சு அரை மணி ஆகல, மஞ்சள் துரு வந்துடுச்சு. நாளைக்கு மாட்டணும்.

பட்டறைவாசல்: எந்த பார்ட்? எவ்வளவு நேரம் ஊறுச்சு? நிக்கல் பூச்சு இருந்ததா?

புளிக்கரைசல்: வினிகரை விடுங்க. புளியும் உப்பும் போதும். பித்தளைக் குடம் எப்படிப் பளிச்சுனு ஆகுது?

இரும்பன்: குடத்துல இருக்கறது களிம்புங்க, துரு இல்ல. இரும்புல உப்பு போட்டா குழிக்குள்ள தங்கி மறுபடி துருவைத்தான் கொண்டுவரும். இந்தக் கேள்வி மாசம் ஒரு தடவை வருது, பழைய பதிலைத் தேட யாருக்கும் பொறுமை இல்ல. கறுப்பு, இரும்பு கரைஞ்சதும் மேல மிஞ்சின கரி. டூத் பிரஷ்ஷால தேய்ங்க. மஞ்சள், மிச்சமிருக்கற அமிலமும் ஈரமும். லிட்டர் தண்ணிக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா, 10 நிமிஷம். கழுவி, உடனே ஹேர் டிரையர். சூடு ஆறுறதுக்குள்ள மெஷின் ஆயில்.

புளிக்கரைசல்: புளியில இருக்கற டார்டாரிக் அமிலம் இல்லையா அப்போ?

இரும்பன்: அமிலம்தான். புளிக்குப் புளி அளவு மாறும். சிட்ரிக் அமிலம்னா லிட்டருக்கு 50 கிராம்னு நிறுத்துப் போடலாம்.

சட்டுபுட்டு: பாத்ரூம் ஆசிட், ரெண்டே நிமிஷம்!

பட்டறைவாசல்: அந்த ஆவி போதும், அலமாரியில இருக்கற ஸ்பேனரெல்லாம் துருப்பிடிக்க. பிளீச்சோட கலந்தா குளோரின் வாயு வேற. @ஊசிநூல், பதில் சொல்லுங்க.

ஊசிநூல்: ரெண்டு நாள். ஷட்டில், பாபின் கேஸ், அதோட சின்ன ஸ்பிரிங். பூச்சு தெரியல. பாதி வினிகருக்கு வெளிய இருந்துச்சு.

பட்டறைவாசல்: ரெண்டு நாளா! மணிக்கொரு தடவை எடுத்துப் பார்க்கணும். ஸ்பிரிங்கை மாத்திடுங்க, அமிலத்துல வர்ற ஹைட்ரஜன் உள்ள போனா கடின எஃகு சொல்லாம ஒடியும். ஷட்டிலை நகத்தால வருடுங்க. வினிகர் மட்டம் நின்ன இடத்துல காத்தும் அமிலமும் சேர்ந்து கோடு அரிச்சிருக்கும். நகம் தட்டினா நூலும் தட்டும். 1000 நம்பர் எமரி பேப்பரால (உப்புத்தாள்) தேய்ங்க, அப்புறம் 2000.

இரும்பன்: முழுசா முங்கணும்னு இதுக்குத்தான் சொல்றது.

ஊசிநூல்: சோடா போட்டதும் மஞ்சள் நின்னுடுச்சு. கோடு இருக்கு, எமரி வாங்கப் போறேன்.

புளிக்கரைசல்: புளியில கோடு விழாது.

இரும்பன்: விழும்.