‘ஸ்டாப்’ வந்தால் பின்னால் ‘டு’வா, ‘இங்’கா? ஒரு மின்னஞ்சலில் மாட்டிக்கொண்டேன்

கேட்டவர்:
வாரா வாரம் நான் அனுப்பும் ஓர் அறிக்கை இனி வேண்டாம் என்று அலுவலகத்தில் முடிவானது. அதைக் குழுவுக்குத் தெரிவிக்க “ஐ ஸ்டாப்ட் டு செண்ட் த ரிப்போர்ட்” என்று எழுதினேன். அனுப்புவதை நிறுத்திவிட்டேன் என்பதுதான் என் மனசில். படித்தவரோ, கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு நான் அறிக்கையை அனுப்பியதாக எடுத்துக்கொண்டார். “வந்து சேரவில்லையே, மறுபடி அனுப்புங்கள்” என்று பதில் வந்தது. இரண்டு மெயில் போய்த் திரும்பிய பிறகுதான் விஷயம் புரிந்தது. “செண்டிங்” என்று எழுதியிருக்க வேண்டுமாம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வினைச்சொல்லிலும் கை நின்றுவிடுகிறது. “வாண்ட்” என்றால் “டு” என்று தெரியும். “என்ஜாய்”, “அவாய்ட்”, “சஜெஸ்ட்” எல்லாம் குத்துமதிப்பாகத்தான் ஓடுகிறது. ஒரு பட்டியலை மனப்பாடம் செய்தேன். மூன்றாம் நாள் எது எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. விதி ஏதாவது உண்டா, இல்லை பட்டியல்தான் கதியா?

பதில் 1:
பட்டியல்தான் கதி. வாண்ட், ஹோப், டிசைட், ப்ளான், ப்ராமிஸ், அக்ரீ, ரெஃப்யூஸ்: டு. என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ், மைண்ட், டினை, அட்மிட், கீப்: இங். எழுதி மேசை மேல் ஒட்டுங்கள். எனக்கு அப்படித்தான் வந்தது.

பதில் 2:
ஒட்டுவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். எழுதப்போகும் வாக்கியத்தை ஒரு முறை தமிழில் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பு வேலையில் எனக்குப் பல நேரம் கை கொடுப்பது இதுதான்.

“சொல்ல மறுத்தான்.” “சொன்னதை மறுத்தான்.” இரண்டும் ஒன்றா? முதல் ஆள் வாயே திறக்கவில்லை. இரண்டாவது ஆள் திறந்துவிட்டு இல்லை என்கிறான். ஆங்கிலத்தில் முதலாவது “ரெஃப்யூஸ்ட் டு சே”, இரண்டாவது “டினைட் சேயிங்”. நமக்கு ஒரே “மறு”, அவர்களுக்கு இரண்டு வினை. பின்னால் வருவதைக் கவனியுங்கள்: “சொல்ல” இருந்த இடத்தில் டு, “சொன்னதை” இருந்த இடத்தில் இங். ஒப்புக்கொள்வதும் அப்படியே. “செய்ய ஒப்புக்கொண்டான்” என்றால் “அக்ரீட் டு டூ”. “செய்ததை ஒப்புக்கொண்டான்” என்றால் “அட்மிட்டட் டூயிங்”. பள்ளியில் படித்த செயவென் எச்சமும் தொழிற்பெயரும்தான், வேறு பூதம் எதுவும் இல்லை.

ஒரே ஆங்கில வினை இரண்டையும் ஏற்று, பொருள் மட்டும் மாறும் இடங்களில் தமிழ் இன்னும் தெளிவு. “மறக்காமல் பூட்டினேன்” என்பது “ரிமெம்பர்ட் டு லாக்”. “பூட்டியது நினைவிருக்கிறது” என்பது “ரிமெம்பர் லாக்கிங்”. “ஜன்னலைத் திறக்க முயன்றேன்” என்றால் “ட்ரைட் டு ஓபன்”. திறந்ததோ இல்லையோ, கை வலித்தது நிச்சயம். “ஜன்னலைத் திறந்து பார்த்தேன்” என்றால் “ட்ரைட் ஓபனிங்”. ஜன்னல் திறந்துவிட்டது, புழுக்கம் குறைந்ததா என்பதுதான் கேள்வி.

உங்கள் “ஸ்டாப்” கதைக்கு வருவோம். தமிழில் நில், நிறுத்து என்று இரண்டு வினை உண்டு. அனுப்புவதை நிறுத்தினீர்களா? “ஸ்டாப்ட் செண்டிங்.” அனுப்புவதற்காக நின்றீர்களா? “ஸ்டாப்ட் டு செண்ட்.” உங்கள் குழுவுக்கு இரண்டாவதுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

கேட்டவர்:
“மறு” உதாரணம் இனி மறக்காது. ஆனால் உட்கார்ந்து சோதித்தபோது இடிக்கிறதே. “படிக்கப் பிடிக்கும்” என்றுதான் பேசுகிறேன். அப்படியானால் “என்ஜாய் டு ரீட்” சரியாக இருக்க வேண்டாமா? “மாற்றச் சொல்லி யோசனை கொடுத்தார்” என்பதை “சஜெஸ்டட் மீ டு சேஞ்ச்” என்று எழுதினால் சிவப்புக் கோடு விழுகிறது. “லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ” என்றால் “மீட்டிங்” என்று திருத்துகிறது. அதுதான் எனக்குப் பெரிய புதிர். “டு” கண்ணெதிரே இருக்கும்போது “இங்” எப்படி வரும்?

பதில் 3:
ஆங்கிலம் கற்பிப்பவன் என்ற முறையில் குறுக்கே வருகிறேன். மேலே சொன்ன உத்தி பொருளைப் பிரிக்க அருமையானது. எந்த வினை எதை ஏற்கும் என்பதற்கு அது முழுச் சாவி ஆகாது. இனி நடப்பதற்கு டு, நடந்ததற்கு இங் என்று சிலர் சொல்லிக் கொடுப்பதும் பாதி தூரம்தான் போகும். “போஸ்ட்போன்”, “கன்சிடர்” இரண்டும் இனி நடக்கப்போவதைப் பற்றியவை, ஆனாலும் இங். “மேனேஜ்ட் டு ஃபினிஷ்” என்பதில் காரியம் முடிந்தே விட்டது, ஆனாலும் டு.

“பிடிக்கும்” உங்களை ஏமாற்றுகிறது. “லைக்” இரண்டையும் ஏற்கும், “என்ஜாய்” இங் மட்டுமே ஏற்கும். காரணம் தேட வேண்டாம், சொல்லின் பழக்கம் அது.

“சஜெஸ்ட்” பின்னால் ஆளை வைத்து டு போடவே கூடாது. “ஹீ சஜெஸ்டட் சேஞ்சிங் இட்” அல்லது “ஹீ சஜெஸ்டட் தட் ஐ சேஞ்ச் இட்”. ஆளைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் “அட்வைஸ்” இருக்கிறது: “அட்வைஸ்ட் மீ டு சேஞ்ச் இட்”.

இனி உங்கள் பெரிய புதிர். “லுக் ஃபார்வர்ட் டு”வில் வரும் “டு” வேறு ஆள். அது ப்ரெபொசிஷன், நம் “கு” உருபு போல ஒரு பெயரை எதிர்பார்ப்பது. சோதிக்க வழி உண்டு: வினையை எடுத்துவிட்டு “இட்” போட்டுப் பாருங்கள். “லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்” பொருந்துகிறது, ஆகவே “மீட்டிங்”. “வாண்ட் டு இட்” என்று யாரும் சொல்வதில்லை, ஆகவே “வாண்ட் டு மீட்”. “ஐ யூஸ்ட் டு ரைட்” என்றால் முன்பெல்லாம் எழுதுவேன். “ஐ ஆம் யூஸ்ட் டு ரைட்டிங்” என்றால் எழுதிப் பழகிவிட்டது. “வித்தவுட் ஆஸ்கிங்”, “குட் அட் ட்ராயிங்” எல்லாம் இதே கணக்கு.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததல்ல. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, கற்பவர்களுக்காகவே ஓர் அகராதியைத் தன் கூட்டாளிகளுடன் சேர்ந்து தயாரித்து 1942இல் அங்கேயே வெளியிட்டார். எந்த வினை பின்னால் எந்த அமைப்பை ஏற்கும் என்று குறியிட்டிருந்தது அதன் சிறப்பு. 1948இல் ஆக்ஸ்ஃபோர்ட் அதை மறுபடி வெளியிட்டது. இன்றும் அந்த வகை அகராதியில் “சஜெஸ்ட்” என்று தேடினால் பொருளுக்குப் பக்கத்திலேயே “டூயிங் சம்திங்” என்று இருக்கும். பட்டியலை விட இது மேல். தேவைப்பட்ட அன்று தேவைப்பட்ட சொல் மட்டும்.

பதில் 1:
சரி, என் பட்டியலிலும் தமிழை ஓட்டிப் பார்த்தேன். “கேட்டுக்கொண்டே இருந்தான்”: “கெப்ட் ஆஸ்கிங்”. “படித்து முடித்தேன்”: “ஃபினிஷ்ட் ரீடிங்”. “பேசுவதைத் தவிர்த்தேன்”: “அவாய்டட் டாக்கிங்”. ஒட்டிய காகிதத்தைக் கிழிக்கப் போவதில்லை, ஆனால் ஓரத்தில் தமிழ் ஏறிவிட்டது.

கேட்டவர்:
இன்று எழுதியதில் மூன்று, திருத்திக் கொடுங்கள். “இட் இஸ் ஸ்டார்ட்டிங் ரெயினிங்.” “ஐ ரிக்ரெட் டு டெல் ஹிம் த பாஸ்வர்ட்.” (சொல்லித் தொலைத்துவிட்டேன் என்ற பொருளில்.) “திஸ் கோட் நீட்ஸ் டு டெஸ்ட்.”

பதில் 2:
முதலாவது: “ஸ்டார்ட்” இரண்டையும் ஏற்கும், ஆனால் இங் மேல் இங் காதில் உறுத்தும். “ஸ்டார்ட்டிங் டு ரெயின்” என்று விடுங்கள்.

இரண்டாவது: “தெரிவிக்க வருந்துகிறோம்” என்று கடிதங்களில் வருமே, அதுதான் “ரிக்ரெட் டு”. சொன்னதற்கு வருந்துகிறீர்கள் என்றால் “ரிக்ரெட் டெல்லிங்”. பாஸ்வர்டை முதலில் மாற்றுங்கள், இலக்கணம் அப்புறம்.

மூன்றாவதில் நிரலே எதையோ சோதிக்கக் கிளம்பியது போல் இருக்கிறது. “நீட்ஸ் டெஸ்டிங்” அல்லது “நீட்ஸ் டு பி டெஸ்டட்”.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன், பாஸ்வர்டையும். குழுவுக்குப் புது மெயில் போயிருக்கிறது: “ஐ ஹாவ் ஸ்டாப்ட் செண்டிங் த ரிப்போர்ட். ப்ளீஸ் ஸ்டாப் வெயிட்டிங் ஃபார் இட்.” இதுவரை யாரும் அறிக்கை கேட்கவில்லை.