மாமாவுக்குத் தெரியக் கூடாது

செவ்வாய், மாலை 6:40

நித்யா: அப்பாவின் அறுபதாம் கல்யாண வீடியோவுக்கு வீடியோக்காரர் முகப்பு அனுப்பியிருக்கிறார். இன்று இரவுக்குள் சரி சொன்னால்தான் வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தருவாராம். எல்லோரும் பாருங்கள்.

நித்யா: [வீடியோ 0:14]

அம்மா: பார்க்கிறேன்

பெரியம்மா: எனக்குச் சுற்றிக்கொண்டே இருக்கிறது

மீனாக்கா: நன்றாக இருக்கிறது. ஆனால் பாபு கல்யாணத்துக்கும் இதேதான்.

பாபு: இதே ரோஜாவா?

மீனாக்கா: இதே ரோஜா. இதே தங்கத் துகள்.

பெரிய மாமா: முதலில் பிள்ளையார் வர வேண்டும். காணோமே.

நித்யா: சொல்லிவிட்டேன் பெரியப்பா. சேர்த்துவிடுவார்.

கார்த்தி: நித்யா, ரோஜா வேண்டாம். 93 தீபாவளிக்கு மாமா சிங்கப்பூரிலிருந்து மெகா டிரைவ் கொண்டுவந்தார், சேகா கம்பெனியின் டிவி விளையாட்டுப் பெட்டி. நீ அப்போது பிறக்கவில்லை. கேசட்டைச் செருகி சுவிட்சைத் தட்டினால் வெள்ளைத் திரையில் நீல எழுத்து வரும், ஒரு கூட்டமே சேர்ந்து "சே...கா..." என்று பாடும். மாமா பின்னால் நின்று கையைத் தூக்கிக் கூடவே பாடுவார். வீடியோ அப்படித் தொடங்கினால் போதும், மாமாவுக்கு முதல் நொடியிலேயே புரிந்துவிடும்.

சங்கர் அத்தான்: ஐயோ!! ஆமாம்

அம்மா: எந்தப் பெட்டி? கறுப்பா?

சங்கர் அத்தான்: கறுப்புதான் அத்தை. ஆச்சி அடுக்களையிலிருந்து "யாரோ சேகரைக் கூப்பிடுதாங்க, போய்ப் பாருலே" என்பார்களே.

மீனாக்கா: எதிர்வீட்டுச் சேகர்!

பெரியம்மா: சேகர் இப்போது ஓசூரில் இருக்கிறான். பையன் பிளஸ் டூ.

அம்மா: அவன் அம்மாவுக்குப் பத்திரிகை போயிற்றா?

பெரிய மாமா: நேரில் கொடுத்தாயிற்று.

நித்யா: அத்தான், அந்த எழுத்தில் அப்படி என்ன இருக்கிறது? பெயர்தானே?

கார்த்தி: சொல்கிறேன், கொஞ்சம் நீளம். முதல் சோனிக் ஆட்டம் 1991 ஜூனில் வந்தது. அந்தக் கேசட்டின் மொத்த இடமே 512 கிலோபைட். காடு, மலை, எதிரிகள், பாட்டு எல்லாம் அதற்குள். அதில் எட்டில் ஒரு பங்கை அந்த ஓரிரு நொடிக் குரலுக்கே கொடுத்துவிட்டார்கள். பாட்டு எல்லாம் உள்ளே இருந்த யமஹா சிப் வாசித்தது. எந்தச் சுரம், எவ்வளவு நேரம் என்று எழுதிக் கொடுத்தால் போதும், இடம் அதிகம் பிடிக்காது. மனிதக் குரலை அப்படி எழுதிக் கொடுக்க முடியாது. பதிவு செய்ததை அப்படியே வைக்க வேண்டும். அதனால்தான் அவ்வளவு இடம்.

கார்த்தி: இத்தனைக்கும் அந்த இடம் வேறு எதற்கோ வைத்திருந்தது. சோனிக் ஒரு பாட்டுக் குழுவோடு நடனம் ஆடுகிற மாதிரி ஒரு திரை வைக்க நினைத்தார்கள். நேரம் போதவில்லை, விட்டுவிட்டார்கள். மீந்த இடத்தில், ஜப்பானில் அவர்களுடைய டிவி விளம்பரத்தில் பாடிக்கொண்டிருந்த அந்த இரண்டெழுத்து மெட்டை நிரல் எழுதிய யூஜி நாகா கொண்டுவந்து வைத்தார்.

பாபு: எட்டில் ஒரு பங்கு என்றால்?

கார்த்தி: 64 கிலோபைட். பெரியம்மா காலையில் அனுப்பிய முருகர் படம் அதைவிடப் பெரிது.

பெரியம்மா: அந்தப் படம் வந்ததா? யாருமே ஒன்றும் சொல்லவில்லை

அம்மா: வந்தது அக்கா. நல்ல அலங்காரம்.

நித்யா: சோனிக் அந்த நீல முள்ளெலிதானே?

கார்த்தி: அவன்தான். முதல் ஆட்டத்தில் எழுத்தின் மேல் ஒரு வெளிச்சம் ஓடும், அவ்வளவுதான் அசைவு. வெளிச்சம் ஓடி முடிந்த பிறகுதான் குரல். 1992 நவம்பரில் இரண்டாம் ஆட்டம் வந்தது. அதில் சோனிக் திரைக்குக் குறுக்கே பாய்ந்து ஓடுவான், திரும்பி மறுபடியும் ஓடுவான். அவன் ஓடிய தடத்தில் எழுத்து நிற்கும். வெறும் பெயர்ப்பலகையாக இருந்ததற்குள் ஆட்டத்தின் நாயகனே வந்துவிட்டான். எனக்கு அந்த இரண்டாவதுதான் உயிர்.

சங்கர் அத்தான்: எனக்கு முதலாவது. அந்த வெளிச்சம் ஓடும்போது கையில் கன்ட்ரோலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

மீனாக்கா: நீங்கள் இரண்டு பேரும் பிடித்திருப்பீர்கள். எங்களுக்கு எங்கே கொடுத்தீர்கள்

பாபு: மீனாக்கா சொல்வது உண்மை

பெரிய மாமா: வியாழன் இரவு 9 மணிக்கு வேன். திருக்கடையூரில் அறை எண் கேட்டிருக்கிறேன். காலையில் வெண்பொங்கலா இட்லியா என்று சமையல்காரர் கேட்கிறார்.

அம்மா: இரண்டும்

பெரியம்மா: எனக்கு இட்லி. பொங்கலில் நெய் அதிகம்.

நித்யா: கார்த்தி அத்தான், அந்த ஓடுகிற யோசனை நன்றாக இருக்கிறது. அப்பாவின் பழைய டிவிஎஸ் 50 போட்டோ ஒன்று இருக்கிறது. வண்டியை இப்படியும் அப்படியும் ஓடவிட்டு, பின்னால் "சுந்தரம் 60" என்று எழுத்து வரவைக்க முடியுமா என்று கேட்கிறேன்.

கார்த்தி: அதுதான்! வெள்ளைத் திரை, நீல எழுத்து. எழுத்துக்குள் குறுக்கே கோடு கோடாக இருக்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

பெரிய மாமா: அந்த நிறுவனத்தின் முத்திரையைப் போட்டால் சட்டப்படி சிக்கல் வராதா?

கார்த்தி: அவர்கள் பெயரைப் போடவில்லை மாமா, சுந்தரம் மாமா பெயரைத்தான் போடுகிறோம். ஆனால் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், அந்தப் பெயரை வைத்து ஒரு பெரிய வழக்கே நடந்திருக்கிறது. முதலில் கறுப்புத் திரையில் "சேகா நிறுவனத்தால் அல்லது அதன் உரிமம் பெற்றுத் தயாரிக்கப்பட்டது" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும், நினைவிருக்கிறதா? கேசட்டுக்குள் அவர்கள் பெயரின் நான்கு ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று பெட்டியே தேடும். இருந்தால்தான் அந்த வரியைக் காட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடங்கும். உரிமம் வாங்காதவர்களைத் தடுக்க அந்த ஏற்பாடு. அக்கோலேட் என்ற அமெரிக்க நிறுவனம் ஆட்டங்களின் நிரலைப் பிரித்துப் படித்து, தானும் அந்த எழுத்தை வைத்தது. எங்கள் பெயர் உன் ஆட்டத்தில் எப்படி வரலாம் என்று சேகா வழக்குப் போட்டது.

பெரிய மாமா: தீர்ப்பு?

கார்த்தி: 1992இல் அமெரிக்காவின் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அக்கோலேட் பக்கம் சொல்லிவிட்டது. அந்த வரியைக் காட்டுவது சேகாவின் பெட்டியே, அந்தக் குழப்பத்துக்கு அக்கோலேட்டைக் குறை சொல்ல முடியாது என்றார்கள். வேறு வழி இல்லாதபோது, எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள நிரலைப் பிரித்துப் பார்ப்பது பதிப்புரிமைச் சட்டப்படி நியாயமான பயன்பாடுதான் என்றும் சொன்னார்கள்.

பெரிய மாமா: நல்ல தீர்ப்பு. நகல் கிடைத்தால் எனக்கு அனுப்பு.

சங்கர் அத்தான்: அப்பா, 94இல் அந்தப் பெட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டியது நீங்கள்தான்.

பெரிய மாமா: உனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை.

சங்கர் அத்தான்: தெரியும் அப்பா. சாவி எங்கே இருந்தது என்பதும் தெரியும்.

பெரிய மாமா: எனக்கும் தெரியும். டிவி சத்தத்தைக் குறைக்க மறந்து ஒருநாள் அந்தச் "சேகா" தெரு வரைக்கும் கேட்டதே.

மீனாக்கா: அன்றைக்கு அடி விழுந்தது இல்லையா?

அம்மா: விழவில்லை. தம்பி போன் பண்ணி விடச் சொன்னான்.

பாபு: கேம்பாய் கைப்பெட்டியில் நிண்டெண்டோ கம்பெனி பெயர் மேலிருந்து இறங்கி "டிங்" என்று அடிக்குமே, அதுவும் இந்த மாதிரிதானா?

கார்த்தி: கிட்டத்தட்ட. அது 1989. மேலிருந்து இறங்கும் அந்தப் பெயர் கேசட்டுக்குள் இருக்கிற படம். பெட்டி தன்னிடம் உள்ள நகலோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு புள்ளி மாறினாலும் நின்றுவிடும். அந்த வேலை முழுவதும் 256 பைட்டில் முடிந்துவிடும். நான் இப்போது தமிழில் தட்டிய இந்தச் செய்தியே அதைவிடப் பெரிது.

மீனாக்கா: தூசி இருந்தால் பெயருக்குப் பதில் கறுப்புக் கட்டை இறங்கும். ஊதி ஊதிப் போடுவோம்.

பெரியம்மா: வேனில் முன் இருக்கை எனக்கு. முட்டி மடக்க முடியாது.

அம்மா: சரி அக்கா

கார்த்தி: அடுத்து 1994 நவம்பரில் சேகாவின் சேட்டர்ன் பெட்டி. போட்டவுடன் உடைந்த துண்டுகள் எங்கிருந்தோ பறந்து வந்து ஒன்றாகி முத்திரையாகும். முப்பரிமாணம் எங்களுக்கும் வரும் என்று காட்டுகிற அவசரம் அதில் தெரியும். எனக்கு அது ஒட்டவில்லை. 1998 டிரீம்காஸ்ட் அப்படி இல்லை. ஒரு சின்னப் புள்ளி துள்ளித் துள்ளி வந்து ஆரஞ்சு நிறச் சுழியாக மாறும். ஐரோப்பாவில் அதே சுழி நீலம். ஒலி ரியூச்சி சகாமோட்டோ போட்டது. ஆஸ்கர் வாங்கிய மனிதர், சில நொடி ஒலிக்கு உட்கார்ந்து இசை அமைத்திருக்கிறார். அத்தனை அமைதி. அதைக் கேட்டால் கதவை மெதுவாகத் திறந்து உள்ளே கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

சங்கர் அத்தான்: அதன் பிறகு பெட்டி செய்வதையே விட்டுவிட்டார்கள் இல்லையா?

கார்த்தி: ஆமாம். 2001 மார்ச்சோடு டிரீம்காஸ்ட் உற்பத்தி நின்றது. அந்த வருடம் டிசம்பரிலேயே சோனிக் போட்டிக் கம்பெனியான நிண்டெண்டோவின் பெட்டியில் ஓடினான். அன்றைக்கு நான் வருத்தப்பட்டது இப்போதும் நினைவிருக்கிறது. சொந்த வீட்டை விற்றுவிட்டு வாடகைக்குப் போன மாதிரி.

அம்மா: இந்த நேரத்தில் அந்தப் பேச்சு எதற்கு

பெரிய மாமா: வடக்குத் தெரு வீட்டை விற்றது எல்லோரும் கையெழுத்துப் போட்டுத்தான்.

பெரியம்மா: போட்டோம், போட்டோம்

சங்கர் அத்தான்: அவன் விளையாட்டுப் பெட்டியைச் சொல்கிறான் அப்பா.

கார்த்தி: மன்னித்துக்கொள்ளுங்கள் மாமா, நான் அதை நினைத்துச் சொல்லவில்லை.

கார்த்தி: குரல் மட்டும் போகவில்லை. 2017இல் சோனிக் மேனியா வந்தபோது அதே பழைய "சேகா" பாடியது. மகனோடு உட்கார்ந்திருந்தேன். அவன் "யாருப்பா பாடுகிறார்கள்" என்று கேட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாமா இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வருவார், மூன்று வாரம் இருப்பார். வெளியே விளையாடிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டால் மாமா தூங்கி எழுந்துவிட்டார் என்று ஓடி வருவோம்.

மீனாக்கா: ஆமாம் கார்த்தி

நித்யா: இது எனக்குத் தெரியவே தெரியாது

அம்மா: [குரல் பதிவு 0:03]

சங்கர் அத்தான்: அத்தை!!

பாபு: சித்தி பாடியிருக்கிறார்கள்

நித்யா: "மா...மா..." என்றா? அதே மெட்டா?

அம்மா: சேகா, மாமா. இரண்டும் இரண்டெழுத்துதானே. பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து பாடினால் சரியாக வரும்.

கார்த்தி: அம்மா, இதைவிட வேறு என்ன வேண்டும்! எல்லோரும் போனில் பாடி அனுப்புங்கள், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிவிடலாம். கூட்டமாகப் பாடுகிற மாதிரியே கேட்கும்.

சங்கர் அத்தான்: எனக்கு அவர் சித்தப்பா.

மீனாக்கா: அதுவும் சரிதான்

சங்கர் அத்தான்: எப்போதும் மாமா வீட்டுக்கதையாகவே முடிகிறது. நானும் தங்கையும் என்ன பாடுவது? சித்தப்பா ஐந்து எழுத்து.

நித்யா: எனக்கு அப்பா. "அப்...பா..." மூன்று எழுத்து என்றாலும் மெட்டில் உட்காருகிறது, பாடிப் பார்த்தேன்.

பெரியம்மா: எனக்குத் தம்பி

பெரிய மாமா: எனக்கும் தம்பி. "தம்...பி..." சரியாக வருகிறது.

பாபு: எல்லோரும் அவரவர் கூப்பிடுவதையே பாடினால்?

கார்த்தி: கலந்தால் எழுத்து தெளிவாகக் கேட்காதே.

சங்கர் அத்தான்: கேட்காவிட்டால் என்ன. அவருக்குப் புரியும்.

கார்த்தி: யோசிக்கிறேன் அத்தான்.

நித்யா: மதினி, அந்தப் பெட்டி இப்போது எங்கே?

மீனாக்கா: கோயம்புத்தூர் வீட்டுப் பரணில் இருக்க வேண்டும்.

அம்மா: 96 மே மாதம் லீவுக்கு எடுத்துப் போனது

பெரியம்மா: எடுத்துப் போகவில்லை செல்வி. தம்பி கொடுத்தான்.

அம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மீனாக்கா: சித்தி, என்ன போட்டீர்கள்?

அம்மா: ஒன்றும் இல்லை. கை பட்டுவிட்டது.

பாபு: பரணில் ஏறிப் பார்க்கிறேன். இருந்தால் வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறேன்.

கார்த்தி: பாபு, அடாப்டரையும் சேர்த்துத் தேடு. மண்டபத்து டிவியில் பழைய சிவப்பு, மஞ்சள் ஓட்டை இருக்கிறதா என்று யாராவது கேட்டு வையுங்கள்.

பெரிய மாமா: மண்டபத்துக்காரரிடம் நாளை பேசுகிறேன்.

இரவு 9:52

பாபு: [படம்]

சங்கர் அத்தான்: டேய்

கார்த்தி: அதேதான். இடது பக்கம் அந்தக் கீறல் மீனாக்கா போட்டது.

மீனாக்கா: நான் போடவில்லை

பாபு: பெட்டியும் சோனிக் இரண்டும் கிடைத்தன. அடாப்டர் இல்லை. முதல் சோனிக் கேசட்டும் இல்லை.

சங்கர் அத்தான்: அது என்னிடம் இருக்கிறது. பீரோவில்.

பெரிய மாமா: எந்தப் பீரோ?

நித்யா: வீடியோக்காரர் காத்திருக்கிறார். ரோஜாவை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். குரல் நாளை மதியத்துக்குள் வேண்டுமாம். இதுவரை சின்ன அத்தை மட்டும்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

பெரியம்மா: [குரல் பதிவு 0:06]

நித்யா: அத்தை, இதில் குக்கர் விசில்தான் கேட்கிறது. இன்னொரு தடவை பாடி அனுப்புங்கள்.