ஒரே செய்தியின் தலைப்புகளை ஒன்றாகச் சேர்ப்பது எப்படி? உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. பெரம்பூரில் எங்கள் தெரு நூலகத்துக்காக, தமிழ் நாளிதழ்த் தளங்களின் ஆர்.எஸ்.எஸ். (RSS) ஓடைகளிலிருந்து, அதாவது புதிய செய்திகளின் தலைப்பையும் இணைப்பையும் நிரல்கள் படிக்கும் வடிவில் தளங்களே தரும் பட்டியல்களிலிருந்து, சென்னைச் செய்திகளைத் திரட்டும் சிறு நிரல் ஒன்றை எழுதி வருகிறேன். தலைப்பும் இணைப்பும் மட்டும் காட்டும். முழுச் செய்திக்கு அந்தந்தத் தளத்துக்குத்தான் போக வேண்டும்.

திரட்டுவது சுலபம். ஒரே நிகழ்வைப் பற்றிய தலைப்புகளை ஒரே கொத்தாகச் சேர்ப்பதுதான் உயிரை வாங்குகிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு கூகுள் நியூஸை உருவாக்கிய கிருஷ்ண பாரத் (நம் சென்னை ஐஐடியில் படித்தவர்தான்!) கையில் எடுத்ததும் இதே வேலைதான். நான் தலைப்புகளை டிஎஃப்-ஐடிஎஃப் (TF-IDF) என்ற சொல் எடை முறையில் ஒப்பிடுகிறேன்: எங்கும் வரும் சொல்லுக்கு எடை குறைவு, அரிய சொல்லுக்கு அதிகம். ஆனால் 'செம்பரம்பாக்கம்', 'செம்பரம்பாக்கத்தில்', 'செம்பரம்பாக்கத்திலிருந்து' மூன்றையும் நிரல் வெவ்வேறு சொற்களாக எண்ணுகிறது. போதாததற்கு, ஒரு தளம் 'ஏரி திறப்பு' என்றால் இன்னொன்று 'உபரிநீர் வெளியேற்றம்' என்கிறது. ஒரே ஏரி நான்கு கொத்துகளில் நிரம்பி வழிகிறது!

ஸ்னோபால் (Snowball) என்ற இலவச மென்பொருளில் உள்ள தமிழ் வேர்ச்சொல் பிரிப்பானை, அதாவது சொல்லின் விகுதிகளை வெட்டி அடிச்சொல்லைத் தரும் நிரலை, செய்தித் தலைப்புகளில் பயன்படுத்தியவர்கள் இருக்கிறீர்களா? ஊர்ப் பெயர்களை அது சிதைக்காமல் விடுகிறதா? அல்லது சொற்களை மூன்றெழுத்துத் துண்டுகளாக வெட்டி ஒப்பிடுவது மேலா?

இன்னொன்று. செய்தி ஏஜென்சி அனுப்பும் ஒரே செய்தியைப் பல தளங்கள் வரி மாறாமல் போடும்போது யாருடையதை மேலே வைப்பீர்கள்? முதலில் வெளியிட்டவருடையதை என்பீர்கள். வெளியான நேரத்தைப் பிறகு மாற்றிவிடும் தளங்களும் உண்டே. பழைய மடிக்கணினியில் ஓட வேண்டும், கட்டணச் சேவைகள் வேண்டாம்.