"திருப்தியா?" என்று கேட்டார்கள்: அரசு ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்குப் போனவர்கள் சொல்லுங்கள்

வியாசர்பாடி அக்கா:
போன வருஷம் என் தம்பி மனைவிக்கு அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம். மூன்றாம் நாள் ஒரு பெண் கையில் படிவத்தோடு வந்து கட்டில் கட்டிலாகக் கேட்டுக்கொண்டே போனார். "இங்க கவனிச்சது திருப்தியா?" பக்கத்திலேயே நர்ஸ் நிற்கிறார். "நல்லா பார்த்துக்கிட்டாங்க" என்றாள் இவள். வார்டே அதைத்தான் சொன்னது. பிள்ளை நல்லபடியாக மடியில் கிடக்கிறது, டிஸ்சார்ஜ் சீட்டு இன்னும் வரவில்லை. வேறு என்ன சொல்வாள்?

ஒரு மாதம் கழித்துத் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டபோதுதான் வாயைத் திறந்தாள். வலியில் கத்தியதற்கு ஆயா ஒருவர், "படுக்கும்போது இனிச்சுதா?" என்று கேட்டாராம். தையல் போடும்போது மரத்துப்போக ஊசி போட்டார்களா என்பதே அவளுக்குத் தெரியவில்லை. "ஒவ்வொரு குத்தையும் எண்ணினேன் அண்ணி" என்றாள். ஆண் பிள்ளை என்று வெளியே வந்து சொன்னவருக்கு 1,000 ரூபாய் கொடுத்தது நான். அதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

பெரும்பாக்கத்திலிருந்து:
ஆற்றோரம் இருந்த எங்கள் வீட்டை இடித்து இங்கே ஆறாவது மாடியில் குடிவைத்தபோது எனக்கு ஐந்தாம் மாதம். பதிவு பழைய இடத்தில் என்பதால் செக்கப்புக்கு மாதாமாதம் 20 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போனேன். இங்கேயே பார்த்துக்கொள்ளலாம், கர்ப்பத்தைப் பதியும்போது தரும் பிக்மி எண் மட்டும் கையில் இருந்தால் போதும் என்று அப்புறம்தான் தெரிந்தது. அந்த எண்ணைத் தொலைத்துவிடாதீர்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் அதைத்தான் கேட்பார்கள், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்தின் 18,000 ரூபாய் உதவிக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

வலி வந்த ராத்திரி லிஃப்ட் ஓடவில்லை. 108 கீழே நிற்கிறது. வலி வரும்போது படியில் உட்காருவதும் விட்டதும் இறங்குவதுமாக வந்துகொண்டிருந்தேன். ஆம்புலன்ஸ் தம்பி மூன்று மாடி ஏறி வந்து கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் யாரும் கடிந்து பேசவில்லை. டாக்டர் சின்னப் பெண். கடைசிவரை என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு அம்மா:
நாங்கள் பயந்துகொண்டு தனியாருக்குப் போனோம். நகையை அடகு வைத்து 60,000 கட்டினோம். யாரும் திட்டவில்லை. எதற்குச் சிசேரியன் என்று யாரும் சொல்லவும் இல்லை.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
நானும் திட்டியிருக்கிறேன். ராத்திரி டியூட்டியில் நான் ஒருத்தி, வலியோடு ஆறு பேர். ஒருத்திக்குத் தலை தெரியும் நேரத்தில் இன்னொருத்தி கட்டிலைவிட்டு இறங்குவாள். பயத்தில் வாய் முந்திக்கொள்ளும். சாக்கு சொல்கிறேன் என்றால், சரி, சாக்குதான்.

ஆனால் ஒன்று. கூட ஒரு பெண் நின்றால் நாங்கள் அடக்கித்தான் பேசுவோம். பிரசவத் துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே விட அரசே அனுமதித்திருக்கிறது. அம்மா, அக்கா, யாராக இருந்தாலும் பிள்ளை பெற்றவளாக இருக்க வேண்டும். சேர்க்கும்போதே கேளுங்கள், கேட்காவிட்டால் நாங்களாகக் கூப்பிட மாட்டோம். பணமும் அப்படித்தான். 2011-லிருந்து மருந்து, ரத்தம், சிசேரியன், சாப்பாடு, வீட்டுக்குத் திரும்பும் வண்டி எல்லாமே இலவசம். அந்த 1,000 கொடுத்தது தப்பு அக்கா. கேட்டது அதைவிடத் தப்பு.

வியாசர்பாடி அக்கா:
இதையெல்லாம் அவளிடம் படித்துக்காட்டினேன், 1,000 ரூபாய் உட்பட. அதற்குத்தான் ரொம்பக் கோபப்பட்டாள். "அடுத்தது எங்கடி?" என்றேன். "அங்கயேதான் அண்ணி, வேற எங்க போறது? எங்கம்மாவ மட்டும் உள்ள விடச் சொல்லு." அவள் அம்மாவுக்கு ரத்தத்தைப் பார்த்தாலே மயக்கம் வரும். நான் இரண்டு பெற்றவள், நானே போய் நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.