ஃப்ரிட்ஜில் மேக்கப் வைத்தால் கூடுதல் நாள் வருமா?

வேலூர்வெயில்:
மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருக்கிறோம். கத்திரி தொடங்கியதிலிருந்து மதியம் பீரோவைத் திறந்தாலே அனல் அடிக்கிறது. நேற்று லிப்ஸ்டிக்கைத் திறந்தால் மேலெல்லாம் பொடிப்பொடியாக எண்ணெய் முத்து, வேர்த்த மாதிரி. காஜல் பென்சிலைச் சீவினால் முனை பிளேடோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜில் போடு, இரண்டு மடங்கு நாள் வரும் என்கிறாள் தங்கை. மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இந்தக் கண்றாவியெல்லாம் வரக்கூடாது என்கிறார் அம்மா. லிப்ஸ்டிக், ஃபவுண்டேஷன், காம்பாக்ட், மஸ்காரா, வைட்டமின் சி சீரம், இதில் எதை உள்ளே வைக்கலாம்? வேர்த்த லிப்ஸ்டிக்கைத் தூக்கிப் போட வேண்டுமா?

முகூர்த்தம்மேக்கப்:
லிப்ஸ்டிக்கைத் தூக்கிப் போடாதீங்க. அது மெழுகும் எண்ணெயும்தான். சூடு ஏறி இறங்கும்போது எண்ணெய் வெளியே வந்து நிற்கும். டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டுப் பூசிக்கொள்ளலாம். பழைய கடலை எண்ணெய் மாதிரி சிக்கு வாடை அடித்தால் மட்டும் குப்பைக்கு.

சீரம் உள்ளேதான் இருக்க வேண்டும். காற்று, வெளிச்சம், சூடு மூன்றும் அதற்கு ஆகாது, மஞ்சளாகி அப்புறம் டிகாக்ஷன் நிறத்துக்கு வந்துவிடும். காம்பாக்டை மட்டும் வைக்காதீங்க. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் வெளியே வேர்க்குமே, அதே ஈரம் பவுடரில் இறங்கி மேலே தோல் மாதிரி இறுகிவிடும், பிரஷில் ஏறவே ஏறாது.

ஃப்ரீசர் பக்கம் போகவே வேண்டாம். ஒரு கல்யாணத்தில் என் ஃபவுண்டேஷனை மண்டபத்து ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன், யாரோ ஐஸ்கிரீமுக்கு இடம் பண்ண அதை மேலே ஃப்ரீசருக்குள் தள்ளிவிட்டார்கள். காலை நாலரைக்கு, மணப்பெண் முகம் கழுவி வந்து உட்கார்ந்த பிறகு, கையில் பிதுக்கினால் திரிந்த பால் மாதிரி தண்ணீர் தனி, நிறம் தனி. எவ்வளவு குலுக்கியும் சேரவில்லை.

சோதனைக்குழாய்:
தங்கை சொல்லும் இரண்டு மடங்குக்கு ஒரு அடிப்படை இருக்கிறது. பத்து டிகிரி குறைந்தால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய பாதியாகும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வோம். ஆனால் சிக்கு பிடிப்பது, நிறம் மாறுவது போன்றவற்றுக்குத்தான் அந்தக் கணக்கு. விரலும் பிரஷும் கொண்டுபோய்ச் சேர்க்கும் கிருமி வேறு கதை. 4 டிகிரியில் அது மெதுவாக வளரும், சாகாது. மஸ்காரா திறந்து மூன்று முதல் ஆறு மாதம்தான், ஃப்ரிட்ஜில் வைத்தாலும் அதேதான், கண் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது.

டப்பாவின் பின்னால் மூடி திறந்த ஜாடி படம் போட்டு 6எம், 12எம் என்று இருக்கும், திறந்த பிறகு அத்தனை மாதம் என்று அர்த்தம். திறந்த தேதியை பேனாவால் அதிலேயே எழுதிவிடுங்கள். அப்புறம், ஃப்ரிட்ஜ் கதவில் வைக்காதீர்கள், திறந்து மூடும்போதெல்லாம் சூடு மாறும் இடம் அது.

கீழ்வீட்டுஅத்தை:
எதுக்கும்மா இவ்வளவு? பீரோ மேற்குச் சுவரை ஒட்டி இருந்தால் இந்தப் பக்கம் தள்ளிப் போடு, பையைக் கீழ்த்தட்டில் வை. ஃபவுண்டேஷனுக்கு அது போதும். காஜலை மட்டும் சீவுவதற்கு முன் பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் போட்டு எடு, முனை நிற்கும். இன்னொன்று, வீட்டில் வழித்த கற்றாழை ஜெல்லை கடையில் வாங்கியது மாதிரி மாதக்கணக்கில் வைக்காதே, கெடாமல் இருக்க அதில் எதுவும் சேர்க்கவில்லை. ஃப்ரிட்ஜிலேயே இருந்தாலும் சில நாள்தான்.

வேலூர்வெயில்:
நன்றி எல்லோருக்கும். பீரோவை நகர்த்தியாச்சு, அண்ணன் முனகிக்கொண்டே வந்து தள்ளினான். அம்மாவிடம் பேரம் பேசி நடுத்தட்டில் ஒரு பிஸ்கட் டப்பா அளவுக்கு இடம் வாங்கியிருக்கிறேன், லிப்ஸ்டிக் இரண்டும் காஜலும் மட்டும், பூண்டு விழுது பக்கத்தில் இருப்பதால் மூடி இறுக்கமாக. சீரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். டிகாக்ஷனேதான், அதுவும் ஸ்ட்ராங். விலை மட்டும் கேட்காதீங்க, அம்மா இதையெல்லாம் படிப்பார்.