கிட்டாரில் ஈட்டி மர பேக்குக்கு (பின்பலகைக்கு) டபுள் விலை கொடுக்கலாமா?

ஆறுகம்பி:
ரெண்டு அகூஸ்டிக் கிட்டார் பார்த்து வைத்திருக்கிறேன். ரெண்டுக்கும் டாப், அதாவது முன்பலகை, சாலிட் ஸ்ப்ரூஸ்; ஒட்டுப்பலகை இல்லை, முழு மரம். ஒன்றில் பேக்கும் சைடும் சாலிட் ரோஸ்வுட், நம்ம ஊர் ஈட்டிதான். இன்னொன்றில் லேமினேட், மெல்லிய தகடுகளை ஒட்டிய பலகை. ஈட்டி போட்டதன் விலை கிட்டத்தட்ட இரட்டிப்பு. அந்த அளவுக்கு சவுண்டில் தெரியுமா?

தச்சுக்கை:
தெரியாது தம்பி. சத்தம் பிறப்பது டாப்பில். மூன்று மில்லிமீட்டர்கூட வராத பலகை. ஆறு கம்பியும் சேர்ந்து இழுப்பது எழுபது கிலோ சொச்சம். வளையாமல் தாங்கவும் வேண்டும், தாராளமாக அதிரவும் வேண்டும். பேக் என்ன மரம் என்பதெல்லாம் அப்புறம். 1862-லேயே ஸ்பெயினில் டோரஸ் என்ற கிட்டார் தச்சர் பேக்கையும் சைடையும் காகிதக்கூழ் அட்டையில் செய்து காட்டிவிட்டார்.

ரோஸ்வுட்ராஜா:
வந்துட்டார்யா டோரஸ்! அதே ஆள் மற்ற கிட்டாருக்கெல்லாம் ரோஸ்வுட், சைப்ரஸ், மேப்பிள் என்று மரம்தானே போட்டார்? அட்டையே போதும் என்றால் அதோடு ஏன் நிறுத்தினார்? ஈட்டிப் பலகையை ரெண்டு விரலில் தொங்கவிட்டு ஒரு தட்டு தட்டிப் பாருங்கள், மணி மாதிரி நின்று ஒலிக்கும். மஹோகனியில் சீக்கிரம் அடங்கிவிடும்.

தச்சுக்கை:
தொங்கும்போது சரி. சுற்றிலும் பசை போட்டு ஒட்டி, உள்ளே பிரேஸ் (தாங்கு சட்டம்) ஏற்றி, வாசிக்கிறவர் தொப்பையில் சாய்த்த பிறகு? லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு 2018-ல் வெளிவந்தது. பேக்கும் சைடும் மட்டும் வேறு வேறு மரமாக ஆறு கிட்டார், 52 கலைஞர்கள், மங்கிய வெளிச்சம், கண்ணில் வெல்டிங் கண்ணாடி. ஆறுக்கும் ஏறக்குறைய ஒரே மார்க்.

ரோஸ்வுட்ராஜா:
அந்த ஆறும் சாலிட் மரம் அண்ணே! தம்பி கேட்டது லேமினேட்டை. கேள்வி ஒன்று, பதில் ஒன்றா?

மலைக்காட்டான்:
ராஜா பாயிண்ட் சரிதான். ஆனால் அந்த ஆறில் பிரேசிலியன் ரோஸ்வுட்டும் இருந்தது, நம்ம ஈட்டியும் இருந்தது, மலிவான சப்பேலி மரமும் இருந்தது. 1969 வாக்கில் பிரேசில் மரம் கிடைக்காமல்தான் அமெரிக்க கிட்டார் கம்பெனி மார்ட்டின் நம்ம ஈட்டிக்கு மாறியது. காது கேட்டு மாறவில்லை. இங்கேயும் பட்டா நிலத்து ஈட்டியைக்கூட அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது என்று 1994-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. நீங்கள் கொடுக்கும் காசில் பாதி அந்தத் தட்டுப்பாட்டுக்கு.

தச்சுக்கை:
தம்பி, கடைக்குப் போகும்போது ஒரு சின்னக் கண்ணாடியும் செல்போன் டார்ச்சும் எடுத்துப் போ. சவுண்ட்ஹோல் (டாப்பில் உள்ள ஓட்டை) வழியாக டாப்பின் அடியைப் பார். எக்ஸ் வடிவில் ஒட்டிய தாங்கு சட்டங்கள், அதாவது எக்ஸ் பிரேசிங், தடித்தடியாக, இழைக்காமல் விட்டிருந்தால் அந்த டாப் அமுங்கித்தான் பேசும். பேக் ஈட்டியானாலும் சரி, தேக்கானாலும் சரி. அதோடு, ஏசி ரூமில் காய்ந்து வெடிக்கிற பயமும் லேமினேட்டில் குறைவு.

ரோஸ்வுட்ராஜா:
பிரேசிங் முக்கியம், ஒத்துக்கிறேன். லேமினேட்டை மட்டும் ஒத்துக்க மாட்டேன்.

ஆறுகம்பி:
சனிக்கிழமை ரெண்டிலும் ஒரே செட் கம்பி மாட்டித் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். நண்பன் வாசிப்பான், நான் திரும்பி நின்று கேட்கப்போகிறேன்.

ரோஸ்வுட்ராஜா:
ஸ்ட்ரம்மிங்கோடு நிறுத்தாதே. பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) மேலே ஒற்றை நோட்டாக அடித்து, எது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேள். ரிசல்ட்டை இங்கேயே போடு.